பத்தாவது ரீல்

சி.ஐ.டி. பரணி தன் மேலதிகாரியை ஏன் சுட்டுக் கொன்றான் என்று கல்கத்தா லேக் மார்க்கெட் காபிக் கடையில் ஒரு மணி நேரமாகச் சண்டை. விடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். அது தகரப் பெட்டிக்குள், பத்தாவது ரீலில் இருந்தது. எடுத்து வைத்தவன் நான். வாயைத் திறக்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

வார நாட்களில் நான் வங்கி குமாஸ்தா வைத்தீஸ்வரன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் தமிழ்ச் சபையின் படக் காரியதரிசி. மதராஸிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் படப்பெட்டி வரும். காளிகாட் பக்கம் ஒரு தியேட்டரில் காலை ஒன்பது மணிக்கு ஒரே காட்சி. பதினொன்றே முக்காலுக்குள் ஹாலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; பன்னிரண்டுக்கு அவர்களுடைய வங்காளிப் படம். போன மாதம் படம் நீண்டுவிட்டது. கதாநாயகிக்குத் தாலி ஏறும் நேரத்தில் மானேஜர் விளக்கைப் போட்டுவிட்டார். ஜனங்கள் என்னைக் கடித்துக் குதறாத குறை.

அதனால் அன்று மாலை ஐந்து மணிக்குக் கமிட்டி கூடுவதாக இருந்தது. இனிமேல் படமே வேண்டாம் என்று இரண்டு பேர், வேண்டும் என்று இரண்டு பேர். ஐந்தாவது ஆள் குருமூர்த்தி சார். ஆடிட் ஆபீஸ் அதிகாரி. தமிழ்ப் படம் என்றாலே குப்பை என்பவர். அவர் கை தூக்கினால்தான் காட்சி பிழைக்கும். அந்தக் காட்சியை விட்டால் இந்த ஊரில் எனக்கு வேறு சந்தோஷம் கிடையாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இந்தத் தடவை நேரம் மீறக்கூடாது என்று ஒரு ரீலைத் தள்ள முடிவு செய்தேன். ஆபரேட்டர் நிதாய்தா பத்தாவது ரீலில் நான்கு முழம் உருவி விளக்குக்கு நேரே பிடித்தார். கதாநாயகி குடையோடு ஆடிக்கொண்டிருந்தாள். "வெறும் பாட்டுதான் மோஷாய், தள்ளுங்கள்" என்றார் வங்காளியில். தள்ளினேன். பாட்டு நான்கு நிமிஷத்தில் முடிந்து, மிச்ச ரீலில் கதை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பதாவது ரீலில் பரணி மேலதிகாரியோடு சிரித்துப் பேசினான். பதினோராவதில் அவரைச் சுட்டுவிட்டு சிகரெட் பற்றவைத்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

ஆனால் குருமூர்த்தி சார் உருகிவிட்டார்.

"ஓய், இதான் படம்! ஏன் சுட்டான்னு ஒரு வார்த்தை சொன்னானா பாத்தேளா? நாமே யோசிச்சுக்கணும். தமிழ்ல இப்படி ஒருத்தன் துணிஞ்சு எடுப்பான்னு நான் நினைக்கவே இல்லை."

"என்னா சார் துணிச்சல்?" என்று எழுந்தார் மாணிக்கம். ஹவுரா பட்டறையில் ஃபிட்டர். படகில் கங்கையைத் தாண்டி வருகிறவர். பரணியின் முந்தைய மூன்று படங்களும் அவருக்கு மனப்பாடம். "முத படத்துல அவன வளத்த அந்தப் பெரியவருக்காகக் கையில குண்டு வாங்குனான். போன படத்துல அவருக்கு ரத்தம் குடுத்தான். அவனா சுடுவான்?"

"மனுஷன் மாறுவான்யா!"

"மாறட்டும் சார். பத்து நிமிசத்துலயா மாறுவான்?"

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. பேசாமல் இருந்தால் குருமூர்த்தி சாரின் கை மாலையில் தானாக உயரும். பேசினால் அவர் மூக்கு உடையும், காட்சியும் போகும். ஊமையாகவே இருந்துவிடலாம் என்றுதான் தீர்மானித்தேன்.

மாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. "நான் இனிமே வரலீங்க. என் பையனுக்கு அந்தப் பேரத்தான் வெச்சிருக்கேன். வளத்தவரச் சுடுறவன் பேரைச் சொல்லி நாளைக்கு எப்படிக் கூப்புடுவேன்?"

அதை என்னால் தாங்க முடியவில்லை. "உட்காருங்க மாணிக்கம்" என்று சொல்லி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குருமூர்த்தி சார் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டி இரவு ரயிலில் கரக்பூர் போக வேண்டும். இரண்டரைக்கு வங்காளிப் படம் விடும், மூன்று மணிக்கு அடுத்த காட்சி. அந்த இடைவெளியில் அந்த ஒரு ரீலை மட்டும் ஓட்டும்படி நிதாய்தாவிடம் கெஞ்சினேன். தன் பங்குக்கு அவருக்கும் குற்ற உணர்ச்சி, தலையாட்டினார்.

காலி ஹாலில் நான், மாணிக்கம், குருமூர்த்தி சார் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெருக்குகிற கிழவர் கடலைத் தொலியைக் கூட்டிக்கொண்டிருந்தார். குடைப் பாட்டு முடிந்தது. மேலதிகாரி கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தாடையிலிருந்து உரித்தார். உள்ளே எதிரி! அதே முகத்தை மறுபடி ஒட்டிக்கொண்டு கிளம்பிய அவனைத்தான் பரணி பதினோராவதில் சுட்டிருக்கிறான். நிஜமானவர் ஐஸ் பாக்டரியில் கட்டுண்டு கிடந்தார். பரணி கதவை உடைத்து, கட்டை அவிழ்த்து, அவர் காலில் விழுந்தான்.

"சொன்னேன்ல! நான் சொன்னேன்ல சார்!" மாணிக்கம் எழுந்து நின்று கைதட்டினார். கண் நனைந்திருந்தது. கிழவரும் துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சேர்ந்து தட்டினார். என் நெஞ்சிலிருந்து அம்மிக்கல் இறங்கியது. காட்சி போனால் போகட்டும், பரணி தப்பித்துவிட்டான் என்று நினைத்தேன்.

குருமூர்த்தி சார் எங்களுக்காக நிற்காமல் டிராம் பிடித்துப் போய்விட்டார்.

ஐந்து மணிக் கூட்டத்தில் நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். வேண்டாம் என்றவர்கள் போன மாதத் தாலியை விலாவாரியாக எடுத்துச் சொன்னார்கள். பிறகு தலைவர் கை தூக்கச் சொன்னார். என் பக்கம் இரண்டே கை. குருமூர்த்தி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினார்.

"காட்சி நடக்கட்டும். ஆனா ரீல் எதையும் தள்ளப்படாது. எட்டரைக்கே ஆரம்பிக்கணும்."

எனக்கு எழுந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கூட்டம் கலைந்ததும் அவரே என்னிடம் வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓய், அது வேற ஆள்னு எனக்கு ஒன்பதாவது ரீல்லயே தோணித்து."

"தோணியிருக்கும் சார்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை நான் மனதார ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.