ரெண்டு ஃபிரிட்ஜ்காரி

“இருக்கறது ரெண்டு பேரு. எதுக்கும்மா ரெண்டு ஃபிரிட்ஜ்?”

சோதனைக்கு வந்த அதிகாரி முதல் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒரு பிறந்தநாள் கேக், அதன் மேல் யாரோ ஒரு பையனின் பெயர். இந்த வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு பெண்பிள்ளை. அவர் மூடிவிட்டு, பக்கத்திலிருந்த வாஷிங் மெஷினை விரலால் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

மடிப்பக்கா சுவரோடு சுவராக நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்பவள், அதனால் அந்தப் பெயர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கணவன் செத்து மூன்று மாதம் ஆகிறது. கணவனை இழந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை கிடைத்தால் இந்த வீட்டிலேயே இருக்கலாம், மகள் இதே பள்ளிக்கூடத்தில் படிக்கலாம். கிடைக்காவிட்டால் கூடப்பிறந்த அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணி இப்போதே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பா, நீ சொல்லு. இதெல்லாம் யாருது?”

ஏழாவது படிக்கும் மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் தலை, சொல்லிவிடாதே என்பதுபோல் லேசாக அசைந்தது.

“எங்களுதுதான் சார்.”

உண்மையில் அந்த வீட்டில் அவர்களுக்கென்று இருந்தவை ஒரு கட்டிலும் ஒரு மேசை விசிறியும்தான். கேக் இருந்த ஃபிரிட்ஜ் எதிர்வீட்டு ரேடியோ அண்ணனுடையது. வாயை மூடவே தெரியாதவர் என்பதால் அந்தப் பெயர். இடுப்பு வலி, கனமான வேலை செய்ய முடியாது என்று மாதாமாதம் உதவித்தொகை வாங்குகிறார். அன்று காலை அந்த ஃபிரிட்ஜைத் தனி ஆளாக முதுகில் சுமந்துவந்து இறக்கியவரும் அவரேதான். இன்னொரு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவுடையவை. கணவன் கைவிட்டுப் போனதற்காக அவர் உதவி வாங்குகிறார். அந்தக் கணவன் சனிக்கிழமை தவறாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான்.

அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் தெரு முழுக்க ஃபிரிட்ஜுக்குக் கால் முளைத்துவிடும். உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இல்லாத வீடு மடிப்பக்காவுடையது ஒன்றுதான் என்பதால் எல்லாம் அங்கே வந்து சேரும். இந்தத் தெருவில் யாரையும் நம்ப முடியாது என்று சொல்லாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் சாமான் ஒன்றில் இதுவரை கீறல்கூட விழுந்ததில்லை.

“நானும் இப்ப மனு போட்டிருக்கேண்ணே, இந்தத் தடவை வேணாம்” என்று காலையில் மடிப்பக்கா சொல்லத்தான் செய்தாள்.

“புது மனுவை அவனுங்க ஆறு மாசம் கழிச்சுத்தான் தொடுவானுங்க. கவர்ன்மெண்டைப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்றார் ரேடியோ அண்ணன்.

கவர்ன்மெண்ட் அந்த ஒரு முறை மட்டும் வேகமாக வேலை செய்துவிட்டது. உண்மையைச் சொன்னால் இரண்டு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். பதினைந்து நாளைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி வருவேன் என்று அதிகாரி மிரட்டிவிட்டுப் போனதால், சாமான்களும் அங்கேயே தங்கிவிட்டன. கேக்கை மட்டும் ரேடியோ அண்ணன் வந்து தன் பையனுக்காக எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் வசதியானவர், மனு தள்ளுபடி. ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் ஆதாரம் காட்டலாம்.

மடிப்பக்கா இருவரிடமும் போய், இந்தச் சாமான் எங்களுடையது என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள்.

“ஐயோ, எழுதினா எங்க பணம் நின்னுடுமே அக்கா” என்றார் டீச்சரம்மா. கண்கூடக் கலங்கியது. கை மட்டும் பேனாவைத் தொடவில்லை. ரேடியோ அண்ணனோ வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை.

அவருக்குப் பேச்சு திரும்பி வந்தது, அதிகாரி வந்துபோன பதினாறாம் நாள். கையில் ஒரு காகிதத்தோடு மடிப்பக்கா வீட்டு வாசலில் நின்றார்.

“ஒரு கையெழுத்து போடும்மா. ஏமாத்துறவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்கறதாலதான் நம்மள மாதிரி நெஜமா கஷ்டப்படறவங்களுக்கு ஒன்னும் மிஞ்சல. இந்த உதவித்தொகையையெல்லாம் பாதியா வெட்டுன்னு மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்.”

அவள் வாங்கிப் படித்தாள். ‘எங்கள் தெருவிலேயே இரண்டு ஃபிரிட்ஜும் ஒரு வாஷிங் மெஷினும் வைத்திருக்கும் ஒரு பெண் உதவித்தொகை கேட்டு மனு போட்டிருக்கிறார். இப்படிப்பட்டவர்களை நம்பி மக்கள் வரிப்பணத்தைக் கொடுக்கலாமா?’ முதல் கையெழுத்து அண்ணனுடையது. இரண்டாவது டீச்சரம்மா.

மடிப்பக்கா காகிதத்திலிருந்து நிமிர்ந்தாள்.

“பேரு போடலம்மா. நாகரிகமாத்தான் எழுதியிருக்கேன்.”

“இதுல இருக்கறதெல்லாம் உண்மையாண்ணே?”

“பின்ன? பொய்யை எழுதிக் கையெழுத்து போடுவேனா?”

அவள் பேனாவை வாங்கி, கீழே எழுதினாள்: ‘அந்தப் பெண் நான்தான். மேலே சொன்ன சாமான்கள் எல்லாம் என்னுடையவை. கையெழுத்துப் போட்ட இருவரும் சாட்சி.’ கையெழுத்திட்டு, காகிதத்தை விளிம்போடு விளிம்பு சேர்த்து நான்காக மடித்துத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்னம்மா இது? மனுவைக் குடு. அப்படியே ஃபிரிட்ஜையும் எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எந்த ஃபிரிட்ஜ்ணே? ஆபீஸ்காரர் என்னுதுன்னு எழுதிட்டாரு, நீங்களும் எழுதிட்டீங்க. ரெண்டுல ஒன்னை வித்து வாடகை குடுக்கலாம்னு இருக்கேன். பழைய சாமான் வாங்கறவரு நாளைக்கு வர்றாரு.”

அண்ணனின் முகம் வெளிறியது. “அநியாயம் பண்ணாத!”

“உங்களுதுன்னா அவரு வர்றதுக்குள்ள ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நானே சுமந்துட்டு வந்து உங்க வீட்டுல வைக்கறேன். உங்களுக்கு இடுப்பு வலி வேற.”

மகள் ஃபிரிட்ஜைத் திறந்து, ஜில்லென்று ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துவந்து ரேடியோ மாமாவிடம் நீட்டினாள்.