பிடுங்கிய வயர்

சட்டையின் காலர் மடங்கிக்கொண்டே இருந்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியை மறுபடியும் அதன் மேல் வைத்து அழுத்தினாள். தம்பியிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டை அதுதான். மத்தியானத்துக்குள் அது பிணவறைக்குப் போயாக வேண்டும். அங்கேயே உடுத்தி, அங்கிருந்து நேராக அடக்கத்துக்கு எடுத்துப் போவதாக முடிவாகியிருந்தது.

முன்னறையில் லிஃப்ட் கம்பெனி மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்தே, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல மெதுவாகத்தான் பேசினார்.

"கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகரவே நகராதும்மா. அதோட அமைப்பே அப்படி. நாங்க முழுசா பாத்துட்டோம், ஒரு கோளாறும் இல்ல."

 நேற்றிலிருந்து தம்பியின் மனைவி யாருக்கும் பதில் சொல்லவில்லை.

"அப்ப எப்படிங்க நகந்துச்சு?" அக்கா சூடான இஸ்திரிப் பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

மேனேஜர் முதலில் பெட்டியைப் பார்த்தார். பிறகுதான் அவளைப் பார்த்தார். "அதத்தான் நாங்களும் யோசிக்கிறோம். பூட்டிருந்த கதவ அவரே நெம்பித் திறந்திருப்பாரோன்னு தோணுது. அனுபவம் அதிகமானா ஒரு அலட்சியம் வந்துடுதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"எப்படி எடுத்துக்கணும்னு நீங்களே சொல்லிட்டுப் போயிடுங்க."

"இன்னைக்கு மத்தியானம் அரசாங்க அதிகாரி வந்து பாக்கறாங்க. அவங்க சரின்னுட்டா சாயங்காலமே ஓட விட்டுருவோம். வயசானவங்க நிறைய பேர் இருக்கற கட்டடம், பாவம்."

"என் தம்பிக்கு வயசாகலைங்க."

மேனேஜர் தரையைப் பார்த்தார்.

"எப்பவும் ரெண்டு பேராத்தானே போவாங்க? நேத்து மட்டும் ஏன் தனியா அனுப்புனீங்க?"

"ஆள் பத்தலைங்க."

"ஆள் பத்தலைன்னா வேலையத்தானே நிறுத்தணும்? நீங்க ஆளையே நிறுத்திட்டீங்க."

அவர் எழுந்து, தம்பியின் மனைவியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அவருடைய வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அக்கா அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

சமையலறைப் பின்வாசலில் டொம்மென்று ஒரு சத்தம். நெட்டை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். தம்பியோடு எல்லாக் கட்டடங்களுக்கும் ஜோடியாகப் போகிறவன். மற்ற நாளாக இருந்தால் அக்கா, "குனிஞ்சு வாடா, அந்த வாசக்கால் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றிருப்பாள். 

"அக்கா, அவன் கதவ நெம்பல."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"ஒவ்வொரு மாடிக் கதவுலயும் ஒரு பூட்டு இருக்குக்கா. எல்லாப் பூட்டும் விழுந்தாத்தான் லிஃப்ட் நகரும். நாலாம் மாடிப் பூட்டு தேஞ்சுபோய், லிஃப்ட் பாதியிலயே நின்னுட்டிருந்துச்சு. கட்டடத்துக்காரங்க விடாம போன் போட்டாங்க. புதுப் பூட்டு வர்ற வரைக்கும் மேல மெஷின் ரூம்ல ஒரு வயரப் போட்டு ஓட்டுடான்னு மேனேஜர் சொன்னாரு. நான்தான் போட்டேன்."

"வயர் போட்டா?"

"கதவு திறந்திருக்கறது லிஃப்ட்டுக்குத் தெரியாது. பூட்டியிருக்குன்னு நெனச்சு ஓடும்."

"அவனுக்குத் தெரியுமாடா?"

"தெரியும்க்கா. அதனாலதான் ஒருத்தன் மேல சுவிட்ச் பக்கத்துலயே நிப்போம், இன்னொருத்தன் கதவுல வேலை பாப்போம். நேத்து புதுப் பூட்டு வந்துச்சு. மாட்டுறதுக்கு அவன மட்டும் அனுப்பிட்டு, என்னை வேற கட்டடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. பூட்டு புடிக்குதான்னு பாக்க கரண்ட் வேணும். கரண்ட் போட்டுட்டு திறந்த கதவு வழியா உள்ள எட்டிப் பாத்திருக்கான். யாரோ பட்டன அழுத்திட்டாங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு நீல வயரை எடுத்தான். விரல் நீளம்தான் இருக்கும். இரண்டு முனைகளிலும் செம்பு பளபளத்தது.

"விஷயம் கேட்டு ஓடினேன். அவன்கிட்ட போகல. நேரா மேல போய் இதப் பிடுங்கிட்டேன்."

"ஏன்டா?"

"எங்க ஆளுங்க எல்லாரும் அதத்தான்க்கா பண்ணுவோம். வயர் இருந்தா, அடிபட்டவனே போட்டுக்கிட்டான்னு எழுதிடுவாங்க. அவன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு... யோசிக்கவே இல்ல. கை தானாப் போயிடுச்சு."

வயர் போய்விட்டதால் லிஃப்ட் சுத்தமாகிவிட்டது. லிஃப்ட் சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது தம்பி மட்டும்தான். அலட்சியக்காரன், கதவை நெம்பியவன்.

"மேனேஜருக்கு இது தெரியுமா?"

"தெரியும். தோளத் தட்டி, நல்ல வேலை பண்ணேடான்னாரு."

அக்காவின் கை தானாக உயர்ந்தது. நெட்டை விலகவில்லை. அவளுக்கு எட்டட்டும் என்று முகத்தைத் தாழ்த்தி, கண்களை மூடிக்கொண்டு நின்றான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு இறங்கிவிட்டது.

"வா. அந்த அதிகாரிகிட்ட சொல்லு."

"வயரப் போட்டது யாருன்னு கேப்பாங்கக்கா. மேனேஜர் சொன்னது வாய் வார்த்தைதான். வேலை போகும், கேஸ் வரும். என் வீட்லயும் பசங்க இருக்காங்க."

"தெரியும். உன் பொண்ணுக்குப் பேர் வெச்சதே அவன்தான். வா."

"நான் அவனத் தூக்கணும்க்கா. பெட்டிய."

"உன் உயரத்துக்கு நீ தோள் குடுத்தா பெட்டி ஒரு பக்கமா சாயும். வாடா."

நெட்டை சிரித்துவிட்டான். சிரித்தபடியே முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான். கதவருகே தம்பியின் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. சட்டையை எடுத்துக் காலரை விரலால் நீவிவிட்டாள்.

"நீங்க போங்க அண்ணி. இத நான் போட்டு விடறேன்."

"எடுக்கறதுக்குள்ள வர முடியாதும்மா. கடைசியா ஒரு தடவை அவன் முகத்த..."

"நான் பாத்துக்கறேன். போங்க."

விபத்து நடந்த கட்டடத்தின் படிக்கட்டில் மூச்சு வாங்கியபடி மனிதர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் எத்தனை நாள் இந்தத் தண்டனை?" என்று ஒருவர் பொதுவாகக் கேட்டார். நெட்டை சுவர்ப் பக்கமாக ஒதுங்கி வழிவிட்டான். நாலாம் மாடியில் லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தரையை நன்றாகக் கழுவிவிட்டிருந்தார்கள்.

அதிகாரி நடுவயதுப் பெண். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். மேனேஜர் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், மெஷின் ரூம் பேனல்ல வயர் இருந்துச்சு," என்றான் நெட்டை.  "நான்தான் போட்டேன். நான்தான் பிடுங்கினேன்."

"துக்கத்துல என்னமோ பேசறான் மேடம்," என்று மேனேஜர் அவசரமாகச் சொன்னார். "டேய், யோசிச்சுப் பேசு."

"யோசிக்காமத்தான் சார் பிடுங்கினேன்."

அதிகாரி வயரை வாங்கி முனைகளைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "நீங்க?"

"அவன் அக்கா."

"இந்நேரம் நீங்க அடக்கத்துலதானே இருக்கணும்?"

 அதிகாரி வயரை நெட்டையிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மேல போய் எப்படி இருந்துச்சோ அப்படியே போடுங்க. கரண்ட்டையும் போடுங்க."

"மேடம், இதெல்லாம் தேவையா..."

"நாற்காலிய எடுங்க சார்."

நெட்டை மேலே ஏறிப் போனான். அதிகாரி தன் சாவியால் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. ஈரமில்லாத ஒரு குளிர் முகத்தில் பட்டது. இரும்புக் கயிறுகள் அசையாமல் தொங்கின. அக்கா கதவின் விளிம்புக்கு வந்துவிட்டதை உணர்ந்து, அதிகாரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுட்டேன்!" என்று மேலிருந்து குரல் வந்தது.

யாரும் எதையும் தொடவில்லை. கயிறுகள் மட்டும் நடுங்கின. கீழே இருட்டிலிருந்து ஒரு கூரை எழுந்து வந்தது. அதற்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. ஆளில்லாத கூண்டுக்குள் சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டின் கண்ணாடியில் அவர்கள் மூன்று பேரும் திறந்த கதவின் முன்னால் நின்றார்கள். மேனேஜரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவசரமே இல்லாமல் அது அவர்களைத் தாண்டி மேலே போனது. மறுபடி இருட்டானது.

ஆறாம் மாடியில் அது நின்ற சத்தம் கேட்டது. உடனே ஒரு கதவு, செருப்புச் சத்தம், சந்தோஷமான ஒரு பெண் குரல்.

"ஏங்க, பட்டன அழுத்துனதும் லிஃப்ட் வந்துருச்சு! சீக்கிரம் வாங்க!"

அக்கா அதிகாரியின் பிடியிலிருந்தபடியே முன்னால் குனிந்தாள்.

"ஏறாதீங்க!"

தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அது இருட்டுக்குள் மேலேயும் கீழேயும் ஒவ்வொரு மாடிக் கதவாகத் தட்டிக்கொண்டு போனது.