மிராசு தேறினான்

பயிற்சியின் முதல் நாள் என் கழுத்தைத்தான் அளந்தார்கள். நாயின் கழுத்து ஏற்கெனவே சரியாக இருந்ததாம். மாட்டிவிட்ட பட்டை கொஞ்சம் இறுக்கம். கேட்டதற்கு, பட்டை அப்படியேதான் இருக்கும், போகப் போகக் கழுத்து இளைத்துவிடும் என்றார்கள்.

வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில், சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் நாய்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றை வளர்க்கிற நாங்கள் கீழே ஜமக்காளத்தில். என்ன கண்றாவி இது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் வாயில் நாய்க்குப் போடுகிற பொறை இருந்தது.

நான் விரும்பி வந்தவள் இல்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் குணசீலன் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"ஆடி முடியறதுக்குள்ள ஒங்க நாய் பயிற்சியில தேறணும் மேடம். இல்லன்னா எட்டாவது மாடிக்குக் கொண்டு போயிருவோம்."

"நம்ம பில்டிங்ல ஏழு மாடிதான இருக்கு?"

"அதைத்தான் நானும் சொல்லுதேன்."

எட்டாவது மாடிக்குப் போன நாய் எதுவும் திரும்பியதில்லை. மொட்டை மாடிக்கு மேலே இருந்து குரைப்புச் சத்தம் மட்டும் கேட்கும். மழை பெய்தால் அதுவும் கேட்காது.

என் நாயின் பெயர் மிராசு. எவன் சொல்லையும் கேட்காமல் மிராசுதார் மாதிரி சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கிடப்பதால் அந்தப் பெயர். வா என்றால் போவான். இறங்கு என்றால் ஏறுவான். எனக்குத் தெரிந்தவர்களில் முதுகெலும்பு உள்ள ஒரே ஆள் அவன்தான். என் கணவர் தெய்வசிகாமணி இருக்கிறாரே, டி.வி.யில் யாராவது எழுந்து நில்லுங்கள் என்று சொன்னால் எழுந்து நிற்பார். உட்காரச் சொல்ல மறந்துவிட்டால் செய்தி முடியும்வரை நிற்பார். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டாமல் இருந்தது மிராசால்தான்.

பயிற்சியாளர் பெயர் செல்வின். கழுத்தில் விசில் தொங்கும். ஊதுவதற்கு முன்னால் மேடையின் நடு நாற்காலியில் இருந்த கிழட்டு அல்சேஷனைப் பார்ப்பார். அது கண்ணைச் சிமிட்டினால்தான் ஊதுவார்.

"எல்லாரும் உக்காருங்க."

எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தோம். ஆனாலும் ஓய்வுபெற்ற தாசில்தார் ஆவுடையப்பன் இன்னும் ஒரு தடவை உட்கார்ந்தார். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் உட்கார்ந்தார். செல்வின் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"எப்படி சார் இவ்வளவு சுத்தமாச் செய்யுதீங்க?" என்று கேட்டேன்.

"சர்வீஸ்ல இருந்தப்ப தெனமும் செஞ்சதுதானம்மா."

அதில் பெருமை வேறு. தூ! இந்த மனுஷன் கையெழுத்துக்காகவா ஊரே வரிசையில் நின்றது?

மேடையில் மிராசு வெல்வெட்டைக் கிழித்துப் பஞ்சை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

செல்வின் நடத்தியது இரண்டே பாடம். நாய்க்கு, சொன்ன முதல் சொல்லைக் கேட்பது. எங்களுக்கு, சொன்னதை மாற்றாமல் இருப்பது.

"மாத்திப் பேசுனா நாய் கொழம்பிரும்லா? ஒரு தடவ வான்னு சொல்லுதிய, மறு தடவ போன்னு சொல்லுதிய. அது என்னத்தக் கேக்கும்? சொன்னா சொன்னதுதான். அது கேட்டுட்டுன்னா குட் பாய் சொல்லணும். அவ்வளவுதான் ஒங்க சோலி."

"தப்பாச் சொல்லிட்டா?"

செல்வின் அல்சேஷனைப் பார்த்தார். அது கொட்டாவி விட்டது.

"அப்பவும் குட் பாய்தான்," என்றார்.

தேர்வைச் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்தார்கள். நாயும் ஆளும் சேர்ந்து நடந்துபோய் எதிர்ச்சுவரைத் தொட வேண்டும். ஒழுங்காக நடந்தவர்களிடம் சுவரே வந்தது. ஆவுடையப்பனும் அவருடைய பொமரேனியனும் வாசலில் நின்றபடியே தொட்டுவிட்டார்கள். எங்களைக் கண்டதும் சுவர் பின்வாங்கியது. மிராசு இடது பக்கம் இழுத்தான். பந்தி மேசைக்கு அடியில் புகுந்தான். உட்கார்ந்து காதைச் சொறிந்தான். ஒவ்வொன்றுக்கும் சுவர் இன்னும் தள்ளிப்போனது. மேசைகள் முடியவே இல்லை. நாங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே ஆடி பிறந்தது. அந்த மேசைகளில் ஒரு கல்யாணப் பந்தி நடந்தது. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? வைத்திருந்தார்கள். இலை போட்டார்கள், எடுத்தார்கள். எங்களுக்குப் பாயசம்கூடத் தரவில்லை.

ஆடிப்பெருக்கும் போனது. அப்புறம் ஆடியின் கடைசி நாளில், பக்கவாட்டில் எங்கள் குடியிருப்பின் லிப்ட் கதவு திறந்தது. உள்ளே குணசீலன் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடி நின்றார். லிப்டுக்குள் ஒரு தண்ணீர்க் கிண்ணம் தயாராக இருந்தது.

குனிந்து மிராசின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏல மிராசு, இந்த ஒரு தடவ எனக்காகக் கேளுல. ஒன் கால்ல வேணா விழுதேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். பிறகு என் காலோடு ஒட்டி வந்து நின்றான். நான் ஓர் அடி வைத்தேன். அவனும் வைத்தான். சுவர் வந்து என் மூக்கில் இடித்தது.

கைதட்டினார்கள். லிப்ட் மூடிக்கொண்டது. செல்வின் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு பொறை கொடுத்தார். பசித்தது. தின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மிராசு சோபாவில் ஏறவில்லை. நடுக்கூடத்தில் நின்று என் வாயையே பார்த்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான். படு என்றால் படுத்தான். மூச்சு விடுவதற்கும் என்னைக் கேட்பான்போல இருந்தது. தெய்வசிகாமணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"எவ்ளோ நல்லாப் பழகிட்டான் பாத்தியா?" என்றார்.

"வாய மூடுங்க," என்றேன். மூடினார்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று என் வாயைப் பார்த்தார்கள். இரண்டு முகத்திலும் ஒரே பார்வை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடம் எவனை நம்பி இந்த வீட்டில் காலம் தள்ளினேனோ அவனும் இப்படி ஆகிவிட்டான். நான் கெஞ்சியதால்தான் ஆனான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நிமிடம் அவனைக் கண்டாலே அருவருப்பாக இருந்தது.

"என் கண்ணு முன்னால நிக்காத!" என்று கத்தினேன்.

கணவர் அசையவில்லை. அது தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மிராசு என்னைச் சுற்றிக்கொண்டு என் முதுகுப் பக்கம் போனான்.

அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. நான் திரும்பினால் அவனும் திரும்புகிறான். தரையில் நகம் படுவது கேட்கிறது. குதிகாலில் மூச்சுக்காற்று சூடாகப் படுகிறது. கண்ணாடியில் பார்த்தால் என் சேலை மறைக்கிறது. சோறு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், தட்டு காலியாகிறது. கணவர் மட்டும் எனக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார், வாயைத் திறக்காமல்.

இன்று காலை என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாடா, முன்னால் வந்து நில்லுடா, சோபாவில் ஏறிப் படுத்துக் கிழிடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர் கொட்டியது. சொல் தொண்டைவரை வந்தது.

"குட் பாய்," என்றேன்.

முதுகுக்குப் பின்னால் வால் தரையில் டொப் டொப்பென்று அடித்தது.