இரண்டாம் மாடி மீட்டர்

…அப்படியென்றால் என் காரம் இல்லை, இருபத்திரண்டு வருஷமாக நான் அள்ளிப் போட்ட மிளகாய்த்தூள் இல்லை, டாக்டரம்மா வாயாலேயே சொல்லிவிட்டார்... குழாய் விட்டு எடுத்த படத்தில் இவருடைய இரைப்பையின் உள்தோல் செக்கச்செவேலென்று வீங்கி, அங்கங்கே தோல் உரிந்து புண்ணாகி, பார்த்ததும் நினைத்தேன், நான்தான் வேகவைத்துவிட்டேனோ என்று, ஆனால் அவர் என்னை விட்டுவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டார், வெறும் வயித்துல வலி மாத்திரை எத்தனை நாளா போடுறீங்க, அது உள்ள இருக்கிற பாதுகாப்புப் படலத்தை எல்லாம் அரிச்சிடும், ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்னு பேரு, இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வெச்சுக்கங்க, இனி ஒண்ணுகூடத் தொடக்கூடாது... இந்த மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு, எப்பவாச்சும்தான் டாக்டர், முட்டி வலிக்கு, என்கிறார். எப்பவாச்சுமாம்! நேற்று இவருடைய ஸ்பானர் பையில் காலி அட்டை ஏழு எடுத்தேனே.

இப்போது வீட்டுப் படி ஏறுகிறோம், இவர் முன்னால், நான் மருந்துப் பையோடு பின்னால். லிஃப்ட் மெக்கானிக், குழிக்குள் மண்டியிட்டு மண்டியிட்டே ஊரை மேலே ஏற்றுகிறவர், குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நாலாம் மாடி, யார் கேட்டது, நான்தான், அந்த ஜன்னலைப் பார்த்ததும் காத்து வருதுங்க, வானம் தெரியுதுங்க என்று குதித்தேன், உனக்குப் பிடிச்சா சரி என்றார், அவ்வளவுதான், பதினோரு வருஷம்... ஒரு நாளாவது முட்டி வலிக்குதுடி என்று வாயைத் திறந்தாரா, கல்லுளிமங்கன், இவரை என்ன செய்தால் தகும், என் செல்லமே. மாத்திரை இல்லாமல் நாளைக்கு எப்படி ஏறுவார்? கீழே ஒரு வீடு பார்த்தால் என்ன... அங்கே என்ன தெரியும், எதிர்வீட்டுச் சுவர் தெரியும். அந்த ஜன்னலை விட்டுவிட முடியுமா என்னால்?

இரண்டாம் மாடி வந்ததும் நின்றுவிட்டார், வழக்கம்போல மீட்டர் பெட்டி முன்னால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கரண்ட் ஆபீஸ்காரர் வந்துட்டாரு என்று மகளோடு சேர்ந்து எத்தனை கேலி செய்திருக்கிறேன், சிரித்துக்கொண்டே அவரைத் தாண்டி ஏறிப் போயிருக்கிறேன், திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இன்றைக்கு நானும் நின்றேன்.

“எவ்வளவு ஓடியிருக்கு?”

“கொஞ்சம்தான். நீ முன்னாடி போ, வரேன்,” என்றார், கைப்பிடியை விடாமல்.

குனிந்து பார்த்தேன். பெட்டிக்குள் மூன்று மீட்டர், மேலே வெள்ளைப் பெயிண்ட்டில் நாலு, ஐந்து, ஆறு என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீடு பதினொன்று... அவர் தோளை ஒட்டிக்கொண்டு யார் வீட்டு மீட்டரையோ நானும் படிக்க ஆரம்பித்தேன்.