ஐந்தாவது ஆல்பம்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் தொழில். அப்படிப்பட்டவர் சொந்த வீட்டு அறைக்குள், அதுவும் என்னையும் சேர்த்துக்கொண்டு, மாட்டிக்கொண்டார் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. சாயங்கால பஸ்ஸில் நான் ஏறியாக வேண்டும்.

முதலில் அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். அதில் வெளிச்சம் வருகிற நல்ல அறையை அவர் பாட்டு கேட்பதற்கென்று எடுத்துக்கொண்டார். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார். சுவர் முழுக்கக் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து மேலே துணி போர்த்தினார். கதவுக்கு இரண்டு பலகை, நடுவில் பஞ்சு, சுற்றிலும் ரப்பர். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பூட்டை அதில் மாட்டினார். வெளியிலிருந்து கொக்கியைத் தூக்கினால் திறக்கும். உள்ளேயிருந்து திறக்க ஒரு இரும்புக் கைப்பிடி. உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே கேட்காது என்று பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பெருமைக்குக் கைதட்டிக்கொண்டு ஒருத்தி பன்னிரண்டு வருஷம் மிச்சமிருந்த இருட்டு அறையில் துணி மடித்திருக்கிறாள்.

இவ்வளவும் யாருக்காக? ஜெர்மனியில் இருக்கிற ஒரு ஹெவி மெட்டல் கோஷ்டிக்காக. நாற்பது வருஷத்துக்கும் மேலாக விடாமல் ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர் என் வாயில் நுழையாது. நான் வைத்த பெயர் 'கிழவர்கள்'. இவர் சொல்வது 'நம்ம ஆளுங்க'. ஒவ்வொரு இசைத்தட்டின் உறையிலும் யாராவது சங்கிலியை அறுத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது இரும்புக் கதவை உடைத்துக்கொண்டிருப்பார்கள். பாட்டிலும் விடுதலை விடுதலை என்று ஒரே கத்தல். அதைக் காற்றுகூடப் புகாத அறையில் உட்கார்ந்து கேட்பார் என் வீட்டுக்காரர்.

புது ஆல்பம் வந்தால் அதை உடனே பிரித்துக் கேட்டுவிட மாட்டார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில்தான் புதியதைத் தொடுவார். இருபதுக்கு மேல் இருக்கின்றன. நடுவில் யாரும் பேசக்கூடாது. போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் கிர்ரென்று சத்தம் வருமாம்; அது வெளியே அலமாரியில் கிடக்கும். கடிகாரம் டிக் டிக் என்கிறதென்று அதையும் வெளியே கடத்திவிட்டார். வரிசையில் ஐந்தாவதை மட்டும் தாண்டிவிடுவார். அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துகிறவள். முதலாளி வேறொரு ஊரில் புதுக் கடை திறக்கிறார். அங்கே பட்டறை முழுவதையும் நீயே பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். கேட்ட நிமிஷமே சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது, இந்த வீட்டிலிருந்து போக நான் எவ்வளவு நாளாகக் காத்திருக்கிறேன் என்று. வீட்டுக்காரரிடம் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் அவர் கையைத் தூக்கி, "இந்தப் பாட்டு முடியட்டும்" என்றார். பாட்டு முடியும், அடுத்தது ஆரம்பிக்கும். நானும் மென்று விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்படியே புறப்படுகிற நாளும் வந்துவிட்டது. மறுநாள் காலை புதுக் கடையில் நான் நிற்க வேண்டும். பார்த்தால், முந்தின நாள்தான் கிழவர்களின் புது ஆல்பம் பார்சலில் வந்து இறங்கியிருக்கிறது.

பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தேன். கைப்பையை, போனோடு, அதன்மேல் வைத்தேன். வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அறைக்குள் போனேன். கதவிடுக்கில் ஒரு பழைய துணி செருகிக் கிடந்தது. எனக்குத் தரையில் துணி கிடந்தால் ஆகாது. எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பின்னால் கதவை அழுத்திச் சாத்தினேன். உள்ளே போனதும் கதவைச் சாத்து என்று பன்னிரண்டு வருஷம் திட்டு வாங்கியவளின் கை, சாத்தாமல் என்ன செய்யும்?

அவர் மூன்றாவது ஆல்பத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து அலறினார்.

"கதவச் சாத்திட்டியா?"

"சாத்தாம? நீங்கதானே..."

"கைப்பிடி வெளிய இருக்கு!"

விஷயம் இதுதான். மூன்றாவது ஆல்பத்தில் ஒரு பெரிய மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்குக் கதவின் இரும்புக் கைப்பிடி 'டிர்ர்' என்று கூடவே பாடுகிறதாம். அதைக் கழற்றி வெளியே அலமாரியில் தன் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவு பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் துணியைச் செருகியிருக்கிறார். துணி என் கையில் மடித்தபடி இருந்தது.

பேனாவைக் கைப்பிடி இருந்த ஓட்டைக்குள் விட்டுத் திருப்பினார்; அது உடைந்தது. தோளால் இடித்தார். கதவு அசையவில்லை. கருவிப்பை வெளியே. அவர் கைகளைத் தட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, வேலைக் குரலில் சொன்னார்: "பதட்டப்படாதீங்க. காத்து வரும். தரையில உட்காருங்க."

"நான் என்ன உங்க லிஃப்ட்ல ஏறினவளா?" என்றேன். எரிச்சலில் என் குரல் கீச்சென்றது.

அவருக்கு மூளை வேலை செய்யும். அதில் குறை சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கதவையே பார்த்தவர், சட்டென்று அறைக்குள் இருந்த தட்டு அலமாரிக்குப் போய், முதுகைத் திருப்பி வைத்திருந்த ஒரு தட்டைப் பாதி இழுத்தார்.

"டப்பா!" என்றார். "தையல்கார அக்கா வந்துடுவாங்க!"

ஐந்தாவது ஆல்பத்தின் கதை இதுதான். அதைப் பதிவு செய்கிற நேரத்தில் டிரம்ஸ் வாசிக்கிறவர் கோஷ்டியை விட்டுப் போய்விட்டாராம். ஊருக்குப் போய் ரொட்டிக் கடை வைத்துவிட்டார் என்பார் இவர், ஏதோ கொலைக் குற்றத்தைச் சொல்வதுபோல. கிழவர்கள் வேறு வழியில்லாமல் இயந்திரத்தை வைத்து டிரம்ஸ் அடித்துவிட்டார்கள். அதனால் இவருக்கு அது ஆல்பம் இல்லை, டப்பா. ஒரே ஒருமுறை போட்டார். இந்த அறையிலிருந்து குரல் போகாது, கிட்டார் போகாது. அந்த இயந்திரத்தின் 'தொம் தொம்' மட்டும் தரை வழியாக இறங்கிக் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவின் மேஜையை ஆட்டிவிட்டது. அக்கா மேலே ஏறி வந்து கொடுத்த டோஸில், இனி அதைப் போடவே மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

எனக்கு உயிர் வந்தது. "சீக்கிரம் போடுங்க. பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றேன்.

"எந்த பஸ்?"

அங்கேதான் தப்பு செய்தேன். வெளியே போனபிறகு சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. வேலை, ஊர், நாளைக் காலை, வாசலில் பெட்டி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எப்ப திரும்பி வருவ?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலங்க."

பாதி வெளியே வந்திருந்த தட்டை அவர் மெதுவாக உள்ளே தள்ளினார். நான்காவதை எடுத்தார். துடைத்தார். முள்ளை வைத்தார்.

"வரிசையா கேட்போம்" என்றார்.

என் புருஷனைப் பார்த்து நான் பயந்தது அன்றுதான். கத்துகிறவரில்லை, கை நீட்டுகிறவரில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு கேட்டார், அவ்வளவுதான். நான் கதவைக் குத்தினேன். பஞ்சு அத்தனை குத்தையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. கத்தினேன், என் குரல் கிழவர்களின் குரலைத் தாண்டி என் காதுக்கே வரவில்லை. பலகை அடித்த ஜன்னலைப் பார்த்தேன். வெயில் எங்கே இருக்கிறது, இறங்கிவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை. தட்டின் ஒரு பக்கம் முடிந்து, மறுபக்கம் திருப்பினார். என் பஸ் அந்தத் தட்டோடு சுற்றிச் சுற்றித் தேய்ந்துகொண்டிருந்தது.

நான்காவது முடிந்ததும் உறையைத் தூக்கி எனக்குக் காட்டினார். உறையின் பின்னால் ஐந்து பேர், தலை நிறைய முடியோடு.

"இதுல இன்னைக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான்" என்று கிட்டார்காரரின் முகத்தில் விரலை வைத்தார். "எல்லாரும் விட்டுட்டுப் போனாங்க. இவன் நின்னான்."

"ரொட்டிக் கடை வச்சவர் எப்படி இருக்கார்?"

"அவனைப் பத்தி எவனுக்குக் கவலை?"

"எனக்கு இருக்கு" என்றேன். "காலையில எழுந்து, மாவு பிசைஞ்சு, ஜன்னல் பக்கமா நின்னு ரொட்டி விப்பார். நல்லா இருப்பார்."

அவர் ஆறாவதை எடுக்கக் கையை நீட்டினார். நான் அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். திருப்பி வைத்திருந்த டப்பாவை உருவினேன்.

"அதைத் தொடாத."

"தொட்டா என்ன பண்ணுவீங்க? வெளிய தள்ளுவீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்ததோ அழுகை வந்ததோ, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் தட்டை வைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டு மெஷினைத் தொட எனக்கு அனுமதி இல்லை. ஆனால் பார்த்துப் பார்த்து எல்லாம் தெரியும். லென்ஸ் பிடிக்கிற கை. முள் நடுங்காமல் இறங்கியது. சத்தக் குமிழை முழுக்கத் திருப்பினேன். தொம் தொம் என்று ஆரம்பித்தது. காத்திருந்தோம். ஒரு பாட்டு முடிந்தது. யாரும் வரவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் எழுந்தார். நிறுத்தப்போகிறார் என்று நினைத்துக் குறுக்கே கையை வைத்தேன். கையை மெல்ல விலக்கினார்.

"இது போதாது" என்றார். "மூணாவது பாட்டுலதான் கத்திரி ஆடுச்சுன்னு அவங்க சொன்னாங்க."

முள்ளைத் தூக்கி மூன்றாவது பாட்டில் வைத்தார். நான் தொடாத இன்னொரு குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஸ்பீக்கர் இரண்டையும் சுவரிலிருந்து நகர்த்தி, முகம் குப்புறத் தரையைப் பார்த்துச் சாய்த்தார். அடி என் பாதம் வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் அளவு டேப்போடு தையல்கார அக்கா.

"உங்களுக்கு அறிவிருக்கா? ஊசி உடைஞ்சு போச்சு! கும்பிட்டு சொன்னீங்களே, இனிமே போடமாட்டேன்னு!" பிறகு என்னைப் பார்த்துக் குரலை இறக்கினார். "வாசல்ல பெட்டி நிக்குது. யாரும்மா ஊருக்கு?"

நான் வீட்டுக்காரரிடம் போய்வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். அவர் குனிந்து ஸ்பீக்கரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அக்காவைத் தள்ளாத குறையாக வெளியே வந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். வெயில் இன்னும் இருந்தது. பஸ் கிடைத்துவிடும்.

பாதிப் படியில், பின்னால் வந்த அக்கா கேட்டார்: "அவரை ஏன் உள்ள வச்சு சாத்திட்டு வந்த?"

என் கையைப் பார்த்தேன். சாத்தியது எனக்கு ஞாபகமே இல்லை.

அக்காவையே போய்த் திறக்கச் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஏறினேன். வெளி அலமாரியிலிருந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டு, கொக்கியைத் தூக்கிக் கதவைத் திறந்தேன். ஆறாவது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கதவு மூடிக்கொண்டது தெரிந்தும் எழுந்து தட்டியிருக்கவில்லை. திரும்பாமலே சொன்னார்:

"கதவச் சாத்திட்டுப் போ."

எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. அதற்காக நின்றுவிடவில்லை. கைப்பிடியை அவர் மடியில் வைத்தேன். மடித்த துணியை அதன்மேல் வைத்தேன். கதவை அகலமாகத் திறந்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

தெருவில் போகிறவர்கள் பாட்டுச் சத்தம் கேட்டு அண்ணாந்து எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். அக்கா காதைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்துத் திட்டினார். நான் தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்று கேட்டேன். கிழவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் இன்னும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தவில்லை.