வெட்டிய ஏழாம் பக்கம்

எங்கள் இயக்குநர் வெளிநாடு போய்ப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கொண்டுவந்த கட்டுக்கட்டான காகிதங்களை நம் மொழியில் அறிக்கையாக்கியவன் நான். சுகாதாரத் துறையில் மொழிபெயர்ப்பாளன். அடுத்தவர் சொன்னதை அழகாகச் சொல்லியே பத்தொன்பது வருஷம் காலத்தை ஓட்டிவிட்டேன்.

அந்த நாட்டில் யாரும் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. முதலில் தெரு கிளினிக். அங்குள்ள டாக்டர் சீட்டு கொடுத்தால்தான் மற்றதெல்லாம். கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டதாம். அமைச்சர் ஆறு பக்கத்துக்கு மேல் புரட்டமாட்டார் என்றார் இயக்குநர். எனக்கு ஏழு வந்திருந்தது. ஏழாவதில் விதிவிலக்குகள் மட்டும்தான். அதை உருவி மேஜை டிராயரில் போட்டேன். கச்சிதம் என்று முதுகில் தட்டினார். அந்த ஆறு பக்கம் அப்படியே நம் ஊரிலும் திட்டமாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தம்பி எழுதின திட்டம் என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

அந்த அக்காதான் இன்று பெரிய ஆஸ்பத்திரி பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். காலையில் தெரு கிளினிக்குக்குப் போனோம். பூட்டியிருந்தது. புதிய திட்டத்துக்குப் பயிற்சி கொடுக்க டாக்டரைத் தலைமையகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வர மூன்று நாளாகும்.

சீட்டு இல்லாமல் பதிய முடியாது என்றாள் கவுன்டர் பெண். கெஞ்சினேன், கத்தினேன், துறையின் பெயரைச் சொல்லி மிரட்டினேன். அவள் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினாள். எல்லாம் என் வாக்கியங்கள். நுழைய ஒரு ஓட்டைகூட வைக்கவில்லை பாவி நான். இயக்குநருக்குப் போன் போட்டேன். இன்னொரு நாட்டில் முதியோர் இல்லங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து பேசலாம் என்று வைத்துவிட்டார்.

ஆபீஸுக்கு ஓடி ஏழாம் பக்கத்தை எடுத்து வந்தேன். கவுன்டர் பெண் முழுதும் படித்தாள். அவள் கண் கலங்கியது.

“நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா எங்களுக்கு வந்ததுல இது இல்லையே. சீட்டு நம்பர் போடாம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாது.”

ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தால்கூடத் தப்பித்திருப்போம். நான் புத்திசாலி, ஈயை எடுத்துவிட்டேன்.

பெஞ்சுக்குத் திரும்பியபோது அக்காவின் உதடு வெளுத்திருந்தது.

“அந்த ஊர்ல டாக்டர் இல்லேன்னா என்னடா பண்ணுவாங்க?”

“சீட்டு கேக்காம உடனே சேத்துக்குவாங்க, அக்கா. அந்தப் பக்கத்தை நான்தான் எடுத்துட்டேன்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். ஐஸாய்க் குளிர்ந்திருந்த கையால் என் கையைப் பிடித்தாள்.

“விடுடா. இப்படியெல்லாம் ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

தெரியும். சீட்டு இல்லாமல் ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலிலேயே செத்த பிறகுதான் அந்த நாட்டில் விதிவிலக்கைச் சேர்த்தார்கள். ஏழாம் பக்கத்தின் முதல் வரியே அதுதான். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.