சாமிசோனியின் கன்னம்

"அவர் மூஞ்சி மேல கொசு மொய்க்கிற மாதிரி இருக்கேடி, இதைத் துடைக்க முடியாதா?" என்று ஒருநாள் லாவினியா கேட்டாள்.

நெயாஃபு என்ற தீவு ஊரில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வீடியோ தொகுத்துக் கொடுப்பவள் லெசியெலி. லாவினியா கொண்டுவந்தது பதினான்கு விநாடிப் படம். மீன்பிடிக்கக் கிளம்பிய அந்தி வேளையில், போனை மனைவி லாவினியாவிடம் கொடுத்துவிட்டு, படகிலிருந்து திரும்பிச் சிரிக்கிறான் சாமிசோனி. கடல் அவனைத் திருப்பித் தரவேயில்லை.

கொசு போலத் தெரிந்தவை மங்கிய வெளிச்சத்தில் படமெங்கும் விழுந்த புள்ளிகள்; அவை இருந்தால்தான் ஒரு நிறம் அடுத்த நிறத்தில் கரையும். துடைத்துவிட்டுக் கோப்பின் அளவைச் சுருக்கினால் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். லெசியெலிக்கு இது தெரியும். இருக்கட்டுமே என்று முனகிப் பார்த்தாள்.

"பாத்திரம் விளக்கச் சொன்னா கரி இருக்கட்டும்பா போல" என்று லாவினியாவின் நாத்தனார் சொல்ல, கூட வந்தவர்கள் சிரித்தார்கள். லெசியெலி துடைத்தாள். ஆக்லாந்து உறவுகளுக்குப் போனில் போய்ச் சேரும் அளவுக்குச் சுருக்கினாள். கணினியில் இடமில்லாததால் அசலை அழித்தாள். அதுதான் அவன் போனில் இருக்கிறதே.

போனின் சின்னத் திரையில் எல்லோரும் பார்த்து அழுதார்கள். ஒருவருக்கும் குறை தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, துக்கத்துக்கு உடுத்திய கறுப்புடையைக் களையும் நாளில், தேவாலயக் கூடத்துப் பெரிய திரையில் அதைப் போட்டார்கள். வானம் படிக்கட்டாக நின்றது. நிழலிலிருந்த கன்னமும் அதிலிருந்த சிரிப்பும் ஒரே பழுப்புத் திட்டாகியிருந்தன.

மறுநாள் காலையிலேயே லாவினியா வந்து அசலைக் கேட்டாள்.

"அண்ணன் போன்ல இருக்குமே, அக்கா."

 "சவப்பொட்டி காலியா இருக்கக் கூடாதுன்னு, அவர் வேட்டியோட போனையும் உள்ள வெச்சுத்தானே புதைச்சோம்."

குழியைத் திறக்கலாமா என்று இருவருமே கேட்கவில்லை. மூன்று மாத மழை பெய்திருந்தது.

லெசியெலி மிச்சமிருந்த சுருக்கிய பிரதியை எடுத்து, புதிதாகப் புள்ளிகளைத் தூவி, இம்முறை சுருக்காமல் வெளியே எடுத்தாள். அது முடியும்வரை லாவினியா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வானம் ஓரளவு கூடி வந்தது. பட்டைகள் மங்கின. கன்னம் மட்டும் திட்டாகவே இருந்தது. அதில் இல்லாத சிரிப்பை எந்தப் புள்ளியாலும் கொண்டுவர முடியவில்லை.

"துடைக்க வேணாம்னு அன்னைக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்கணும், அக்கா."

லாவினியா பதினான்கு விநாடியும் பார்த்தாள். இன்னொரு முறை போடச் சொல்லிக் கை காட்டினாள். அது ஓடி முடிவதற்குள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.